இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்

2024 ஜூலை 15, திங்கட்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். வெளியே தூறல். பெரிய மழையாகப் பெய்து தீர்க்கவும் இல்லை, விட்டுத் தொலைக்கவும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரியின் பின்வாசல் வரை என் நடைக்கு நானூற்று இருபது அடி. குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே நனைந்துவிட்டேன். ஈரக் காலோடு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் எங்கள் ஸ்டோர் அறையைத் திறந்து, முதல் வேலையாக வெள்ளைப் பலகையில் 211 என்பதை அழித்து 212 என்று எழுதினேன்.

அந்தப் பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடந்த அநியாயத்தில் பாதி அதிலிருந்து வந்தது. அதை அங்கே மாட்டியவன் நான்.

கொள்ளேகாலில் ஒரு பட்டு நூல் ஆலையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஆலையை மூடினார்கள். அறுபதாவது வயதில் மைசூருக்கு வந்து இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை என்றாலும் நாங்கள் ஆஸ்பத்திரியின் ஆட்கள் அல்ல, ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள். சட்டையின் முதுகில் அவர் கம்பெனியின் பெயர் இருக்கும். நான்கு மாடி, 118 படுக்கை, காலை ஷிஃப்டுக்குப் பதினோரு பேர். எனக்கு முதல் மாடித் தாழ்வாரம் துடைக்கிற வேலை. கூடவே, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று ஸ்டோரையும் என் தலையில் கட்டினார்கள். பினாயில், மாப், கையுறை, மஞ்சள் பை, சிவப்புப் பை எல்லாம் என் கையால்தான் போக வேண்டும்.

எங்கள் ஆலையில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு பலகை இருந்தது. அதை நான்தான் இங்கே கொண்டுவந்தேன். கான்ட்ராக்டருக்கு ஏகக் குஷி. 365 நாள் ஒரு விபத்தும் இல்லாமல் போனால் ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் குக்கர் என்று அறிவித்தார். முதல் தடவை 94 வரை போனது. அன்றைக்கு எங்களில் ஒருவர் ஈரப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அழித்து 0 என்று எழுதினேன். கட்டுப் போட்ட கையோடு மறுவாரம் வந்த மனிதரிடம் மற்றவர்கள், "குக்கரைக் கவுத்துட்டியே அண்ணா, இனி எங்க சோத்தை நீயே ஆக்கிக் கொண்டாந்துடு" என்று சிரித்தார்கள். சிரித்தது இரண்டு நாள். அப்புறம் பேசவே இல்லை. ஒன்பதாவது நாள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எல்லாரும் இனிமேல் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதுக்கு இவ்வளவு முட்டாளாக ஒருவன் இருக்க முடியும் என்பதற்கு என்னையே காட்டலாம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கையுறைப் பெட்டியை எண்ணினேன். கையுறை இரண்டிரண்டாகத்தான் போகும். கிழிந்தால், கிழிந்ததைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதியது. அது என் சட்டம். சனிக்கிழமை கணக்கில் ஒன்று குறைந்தது. தொலைகிறது என்று விட்டேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கள் எண்ணினால் இன்னொன்று குறைகிறது. எனக்கு எரிச்சலான எரிச்சல். பெட்டியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, பினாயில் அளப்பதுபோலத் திரும்பி நின்று, அலமாரிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அகப்பட்டவள் இரண்டாம் மாடிப் பொது வார்டில் வேலை செய்கிற பெண். ஹனூர்ப் பக்கம். புருஷன் கட்டட வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பத்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். ஒரு ஜோடி எடுத்தாள், மாட்டினாள், சட்டென்று மூன்றாவதாக ஒன்றை இழுத்து இடது கையில் அதன் மேலேயே மாட்டினாள்.

"ஏன் அம்மிணி, உனக்கு மூணாவது கை எங்கிருக்குது? எனக்கும் கொஞ்சம் காட்டு" என்றேன்.

"இல்லீங் பெரீப்பா, இது ஓட்டைங்க."

"ஓட்டையைக் காட்டு."

"வேண்டாமுங்க. நான் இதையே போட்டுக்கறனுங்க."

"மூணு நாளா ஒண்ணொண்ணாப் போகுது. கான்ட்ராக்டர் எங்கிட்டத்தான் கேப்பான். கழட்டு."

மேலே இருந்ததைக் கழற்றினாள். ஓட்டை இல்லை. உள்ளே இருந்ததையும் கழற்றச் சொன்னேன். கழற்ற மாட்டேன் என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், வாளி எடுக்க வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவள் கழற்றினாள். ஆள்காட்டி விரலில் மஞ்சள் தடவிய துணி சுற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பதினான்காம் படுக்கையின் விரிப்பைச் சுருட்டும்போது உள்ளே கிடந்த ஊசி குத்தியிருக்கிறது. நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி. குழலில் ரத்தம் இருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். உபயோகித்த ஊசியைப் போடுவதற்கென்று வெள்ளை டப்பா ஒன்று வண்டியில் தொங்கும். பதினான்காம் படுக்கைக்கும் அந்த வண்டி நிற்கிற இடத்துக்கும் இடையில் ஐந்து அடி. நான் நடந்து பார்த்தேன். அந்த ஐந்து அடி நடக்க ஒருவருக்குச் சோம்பல்.

"மூணு நாளா வாயைத் திறக்காம என்ன பண்ணிட்டிருந்த?"

அவள் பலகையைப் பார்த்தாள். "என்னால சைபர் ஆயிருமுங்களே பெரீப்பா. அந்த அண்ணன் பட்ட பாட்டைப் பாத்தனில்லீங்களா? சின்னக் குத்துதானுங்க. பிதுக்கி ரத்தத்தை வெளிய எடுத்துட்டேன், மஞ்ச வெச்சுட்டேன். ஒண்ணும் ஆகாதுங்க."

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு ரெண்டு உறை?"

அவள் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி, "பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து பால் குடுக்கலீங்க. வத்திப் போச்சுன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்கிற அளவுக்கு அவளுக்குப் பயம் இருந்திருக்கிறது. மூன்று நாள் குளியலறையில் பாலைப் பீச்சிக் கொட்டியிருக்கிறாள். அவ்வளவையும் செய்தவள் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மாட்டிய பலகையும் அதில் ஏறிக்கொண்டிருந்த எண்ணும் அவளுக்கு அதைவிடப் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை படம் போட்டுக் காட்டுவார்கள். பார்த்து ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதி வைத்தவன் நான் ஒருவன்தான். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மாத்திரையில் முதலாவது இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தாமதமானாலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அப்போது மணி 6:25. அறுபத்து மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. மிச்சம் எட்டு மணி முப்பத்தைந்து நிமிடம்.

இங்கேதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். அந்த நிமிடமே அவளை ஆட்டோவில் ஏற்றி அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. படிவம் எழுத வேண்டும் என்றேன். முப்பத்தோரு வருடம் சீட்டு இல்லாமல் ஒரு குண்டூசி கொடுக்காதவனுக்கு, சீட்டு இல்லாமல் மருந்து கிடைக்கும் என்று தோன்றவே இல்லை.

இரண்டாம் மாடிக்கு நாற்பத்து நான்கு படி. லிஃப்டில் நாங்கள் ஏறக்கூடாது. இரவு ஷிஃப்ட் சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை என் டியூட்டி இல்லை. யார் டியூட்டியோ அவங்களைக் கேளுங்க."

"யார் டியூட்டின்னு நீங்க சொல்லுங்க."

"அதை ஏன் உங்களுக்குச் சொல்லணும்?"

காலை ஷிஃப்ட் சிஸ்டர் வந்தார். எங்கள் வார்டில் யாரும் ஊசியை விரிப்பில் போட மாட்டார்கள் என்றார். அவள் விரலை நீட்டச் சொல்லிக் காட்டினேன். "வீட்ல காய் நறுக்கும்போது குத்தியிருக்கும்" என்றார். காய் நறுக்க எந்த வீட்டில் ஊசியை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மணி 7:20.

சூப்பர்வைசர் 8:30-க்குத்தான் வந்தான். முப்பது வயதுப் பையன், கன்னடக்காரன், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பிடித்தவன். பெரியவர்களை மரியாதையாக 'யஜமான்ரே' என்று கூப்பிடுவான். மரியாதை அதோடு சரி.

"யஜமான்ரே, மூணு நாள் ஆய்தல்லா? ஜுரம் இருக்கா? இல்லை. வாந்தி இருக்கா? இல்லை. சும்னே எதுக்கு இதைப் பெருசு பண்றீங்க?"

"வெளிய தெரியிற வியாதியா இது? மாத்திரை குடுக்கணும். மூணு மணியோட டைம் முடியுது."

"நான் படிவம் போட்டா ஆஸ்பத்திரி கான்ட்ராக்டரைக் கேக்கும். கான்ட்ராக்டர் என்னைக் கேப்பார். குக்கரும் போகும். பதினோரு பேரோட குக்கர் யஜமான்ரே! அக்கா, நீயே சொல்லு, உனக்கு என்ன ஆச்சு?"

அவள், "ஒண்ணும் ஆகலீங்க" என்றாள்.

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது.

நோய்த்தொற்றைக் கவனிக்கிற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, செடி இருக்கிறது, 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை' என்று ஒரு படம் இருக்கிறது. 9:20-க்கு வந்து உட்கார்ந்தார். பொறுமையாகக் கேட்டார், அதை மறுக்க மாட்டேன். பிறகு, சம்பவத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், இப்போது கம்ப்யூட்டர் ஏற்காது என்றார். பதினான்காம் படுக்கையில் இருந்தவருக்கு என்ன வியாதி என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றார். பெயர் வேண்டாம், அவர் ரத்தத்தில் ஏதாவது உண்டா இல்லையா, தலையை மட்டும் ஆட்டுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். படித்தார். மூடினார்.

"அவங்க சனிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க தாத்தா. நீங்க எமர்ஜென்சி டாக்டரைப் பாருங்க."

என்ன படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எமர்ஜென்சியில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஊழியர் எண் வேண்டும். எங்களுக்கு எண் கிடையாது. அப்படியானால் நோயாளியாகப் பதிகிறேன், பணம் கட்டுகிறேன் என்றேன். பதிந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து வந்த டாக்டர், அந்த மாத்திரை இங்கே இருப்பில் இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அதைச் சொல்ல அவருக்கு எட்டு வினாடி. மணி 11:05. காலையிலிருந்து நான்கு மணி நாற்பது நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நான் வாங்கியது ஒரு ரசீது.

பின்வாசலில் சூப்பர்வைசர் வழி மறித்தான். ஷிஃப்ட் முடியாமல் போனால் ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட் என்றான். "போட்டுக்கோ. நல்லாப் பெரிய எழுத்தாப் போட்டுக்கோ" என்றேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் குடையை மேலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

ஆட்டோவில் அவள் கேட்டாள், "வீட்ல என்னன்னு சொல்றதுங்க பெரீப்பா? ஆஸ்பத்திரில ஊசி குத்துச்சுன்னா, அவங்க வேற அர்த்தம் பண்ணிக்குவாங்க."

"வேற அர்த்தம்னா?"

"அந்த வியாதின்னா வேற வழியாத்தான் வரும்னு எங்க அத்தை நெனைக்குமுங்க."

மழைக்கு ஆட்டோவின் பக்கத்துத் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர். சீட்டு வாங்கி, 12-ம் எண் அறை என்றார்கள். அங்கே 31 என்றார்கள். 31-ல் கதவு சாத்தியிருந்தது. 12:50-க்கு எனக்கு மூச்சு வாங்கியது. ரத்த அழுத்த மாத்திரையையும் அன்று போடவில்லை. அவள் என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தானே எழுந்துபோய், போகிற வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் நிறுத்திக் கன்னடத்தில் கேட்டாள். காலையிலிருந்து 'ஒண்ணும் ஆகலீங்க' என்பதைத் தவிர வேறு எதுவும் மற்றவர்களிடம் சொல்லாதவள், "எனக்கு ஊசி குத்தியிருக்கு, மூணு மணிக்குள்ள மாத்திரை வேணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான்காவதாக நின்ற பெண் டாக்டர் கையோடு அழைத்துப் போனார்.

சின்ன வயது டாக்டர். சீட்டைப் பார்த்தவுடன் என்மேல் பாய்ந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறீர்கள், வெள்ளிக்கிழமை குத்தியதற்கு இன்றைக்கா வருவது, நீங்கள் இவளுக்கு அப்பாவா என்று கேட்டார். இல்லை, கையுறை கொடுக்கிறவன் என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்து, என் கண் முன்னால் விழுங்கு என்றார். மணி 1:25. எழுபது மணி இருபத்தைந்து நிமிடம்.

இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை இலவசம். அடுத்து, மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்று டாக்டர் கேட்டார். கான்ட்ராக்டர் கொடுத்த அட்டையில் மூன்றுக்கும் தேதி இருக்கிறது. அவள் சொன்னாள், "அட்டைதானுங்க குடுத்தாங்க. ஊசி போடலீங்க." எனக்கும் போடவில்லை. என் அட்டையிலும் மூன்று தேதி இருக்கிறது. அதைச் சரிபார்த்துக் கோப்பில் வைத்தவனும் நான்தான். தடுப்பூசி போடாதவளுக்கு வேறொரு மருந்து ஊசியாகப் போட வேண்டும், அது இங்கே தீர்ந்துவிட்டது, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். மூன்று கடை ஏறி வாங்கி வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை போனபோது பலகையில் 213 என்று இருந்தது. சூப்பர்வைசரின் எழுத்து. அழித்து 0 என்று எழுதினேன். அவன் வந்து அழித்தான். நான் மறுபடி எழுதினேன். மற்ற ஒன்பது பேர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி, "எங்க குக்கரை நீ எப்படி அழிப்ப தாத்தா?" என்று கேட்டாள். நான் பலகையை ஆணியிலிருந்து கழற்றி, முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை, முழங்கால்தான் வலித்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அதைத் தூக்கிப்போய்ப் பின்பக்கம் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தேன். பத்து மணிக்கு, கான்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றான் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிப் பொருளைச் சேதப்படுத்தியதற்காக அந்த மாதம் அதுவரை சேர்ந்த பதினைந்து நாள் சம்பளமும் கிடையாது. அந்தப் பலகையை வாங்கியதே என் கைக்காசில். யாரிடம் சொல்ல?

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. காகிதத்தில் அவளுக்கு எதுவும் நடக்கவே இல்லையே! குமட்டலோடு இருபத்தெட்டு நாளும் அதே வார்டில் விரிப்புச் சுருட்டினாள். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டாள். ஒரு நாளும் விட்டுப் போகக்கூடாது என்று நான் தினமும் இரவு எட்டு மணிக்கு அவள் செல்போனுக்கு ஒரு ரிங் விடுவேன். அவள் எடுக்க மாட்டாள். மாத்திரை போட்டதும் பதிலுக்கு ஒரு ரிங் விடுவாள். பதினேழாம் நாள் பதில் ரிங் 9:40-க்குத்தான் வந்தது. அதுவரை என்னைச் சாப்பிட வைக்க என் மனைவியால் முடியவில்லை.

ஆறாவது வாரப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அதை நம்பக்கூடாது, மூன்று மாதம் ஆக வேண்டும் என்றார் அந்த டாக்டர். அக்டோபரில் இரண்டாவது வாரம் முடிந்து ஒரு நாள் மறுபடி போனோம். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று தடவை படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுங்களா பெரீப்பா?"

"நல்லது. ஒண்ணும் இல்லை."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு, "பாப்பாவை நேத்து ராத்திரி மடியில போட்டுப் பாத்தனுங்க. நல்லதாத்தான் வரும்னு ஒரு தைரியம். அவளுக்குக் குடிக்கவே தெரியலீங்க. கடிச்சுட்டு எந்திரிச்சு ஓடிட்டா" என்றாள். பாலும் இல்லை, மூன்று மாதத்தில் வற்றிப் போயிருந்தது. மாமியாரிடம் அன்று சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அந்த ஊசியை விரிப்பில் போட்டுவிட்டுப் போனவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. நல்ல தூக்கம் தூங்குகிறவராகத்தான் இருப்பார்.

செலவை அவள் தரப் பார்த்தாள், முந்நூறு முந்நூறாக மாதாமாதம். வேண்டாம் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன், வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வரவில்லை. வெளியே வாங்கிய ஊசி மருந்து 5,850. முதல் ஆஸ்பத்திரியில் பதிந்த ரசீதும் வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனையும் சேர்த்து 1,150. ஆட்டோ, ஐந்து தடவை, 640. அன்று இருவருக்கும் டீ, பன், மாத்திரை விழுங்கத் தண்ணீர் பாட்டில், 66. பிடித்துக்கொண்ட பதினைந்து நாள் சம்பளம், நாளுக்கு 460 வீதம் 6,900. ஆக மொத்தம் பதினாலாயிரத்து அறுநூற்று ஆறு ரூபாய்.